மஞ்சள் வட்டம்

காந்தத்தைப் பிடுங்கியபோது அதன் அடியில் பெயின்ட் பொருக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

கட்டைவிரல் நகத்தளவுதான். ஊதித் தள்ளிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்திருப்பாள். மதியத்துக்குள் இன்னும் இருபது இடங்கள் பாக்கி. ஆனால் பொருக்கு கையில் கனத்தது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். மேலே மஞ்சள், அதற்கடியில் பச்சை, பச்சைக்கடியில் செங்காவி, எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் நிறப் பட்டி. சுவரில் ஆணி அடிக்கும்போது பெயர்ந்து விழுமே, அந்த மாதிரி நாலு அடுக்கு.

அவள் விரல் தானாகவே காந்தம் இருந்த இடத்தைத் தடவியது. மனம் வார்த்தையாகச் சொல்வதற்கு முன்பே உடம்புக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அந்த ஆலையில் இயந்திரங்களுக்கு நாடி பார்ப்பது அவள் வேலை. மாதத்துக்கு ஒரு முறை, அறுபத்திரண்டு இடங்கள். சுழலும் தண்டைத் தாங்கி நிற்கும் பேரிங்கின் இரும்புக் கூட்டில், காந்தம் பொருத்திய உணர்கருவியை ஒட்டவைத்து, தோளில் தொங்கும் மீட்டரில் அதிர்வைப் பதிவு செய்வாள். பெரிய நடுக்கம் எல்லோர் காதிலும் விழும்; அதற்கு அவள் வேண்டியதில்லை. பேரிங்கின் வளையத்தில் கடுகளவு பள்ளம் விழுந்தால், உருளைகள் ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறி இறங்கும்போது மெல்லிய ஒரு டிக் பிறக்கும். அந்த டிக் என்றைக்கோ ஒருநாள் டமார் ஆவதற்குள் பிடித்துச் சொல்லிவிட வேண்டும். சரியாகச் சொன்னால் நன்றி கிடைக்காது. எதுவும்தான் நடந்திருக்காதே.

அந்த டிக்குக்கு வெறும் இரும்பு வேண்டும். பூச்சு தடித்திருந்தால் அதிலேயே அமுங்கிப் போகும். அதனால் வேலைக்குச் சேர்ந்த வருடமே அறுபத்திரண்டு இடங்களிலும் பெயின்டைச் சுரண்டி, காசளவுக்கு இரும்பைத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தாள். மூன்று மாதத்துக்கு முன் வெளியாட்கள் ஆலையைப் பார்வையிட வருகிறார்கள் என்று பராமரிப்பு மேலாளர் எல்லாவற்றுக்கும் பச்சை அடிக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பெயர் 'பச்சை சார்'. பெயின்டர் தங்கமான மனிதர். அவளுடைய அடையாளம் மறைந்துவிடக் கூடாதே என்று அந்தப் பள்ளங்களில் பட்டி வைத்துச் சமமாக்கி, செங்காவி அடித்து, பச்சை பூசி, அதன்மேல் கச்சிதமாக ஒரு மஞ்சள் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்.

"இனிமே தேடவே வேணாம்மா. கண்ணை மூடிட்டு வைக்கலாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தாள். மூன்று மாதமும்.

மூன்று மாதமும் எண்கள் இறங்கியிருந்தன. முதல் உலையின் புகையை இழுக்கும் இந்தப் பெரிய ஃபேனில், வருடம் முழுக்க மெல்ல ஏறிக்கொண்டிருந்த கோடு ஒரே மாதத்தில் சரிந்து படுத்திருந்தது. "புதிய கிரீஸ் நல்ல பலன் தருகிறது" என்று அறிக்கையில் எழுதியது நினைவுக்கு வந்தது. எழுதிய கையை வெட்டலாம் போலிருந்தது. எண் ஏறியிருந்தால் மூன்று தடவை அளந்திருப்பாள், வயரை மாற்றியிருப்பாள், ராத்தூக்கம் போயிருக்கும். இறங்கியபோது மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதது மறதியால் அல்ல என்பதும் அவளுக்குத் தெரியும். போன வருடத்துக்குப் பிறகு அவளுக்கு நல்ல செய்தி தேவைப்பட்டது.

போன வருடம் இதே ஃபேனை அவள் சொல்லித்தான் நிறுத்தினார்கள். பதினொரு மணி நேரம் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே பேரிங் கல்யாணப் பெண்ணைப் போல மின்னியது. வெளியே ஒரு மூடித் தகட்டின் போல்ட் தளர்ந்து ஆடியதைத்தான் மீட்டர் பிடித்திருக்கிறது. அன்றிலிருந்து கேன்டீனில் அவள் தட்டை வைத்தால் யாராவது உள்ளங்கையை நீட்டுவார்கள். "எனக்குக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, ஜோசியரம்மா."

அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா வீட்டுக்காரர். அன்று பிரித்த குழுவுக்குத் தலைவர் அவர். அவர்கள் வீட்டு மாடியறையில்தான் அவள் குடியிருக்கிறாள். இரவுச் சாப்பாட்டு மேசையிலும் அந்தப் பெயர் தொடர்ந்தது. அக்கா கரண்டியை ஓங்கிய பிறகுதான் நின்றது.

பையிலிருந்து சுரண்டியை எடுத்தாள். மஞ்சள் வட்டம் நாலைந்து இழுப்பில் உதிர்ந்தது. பட்டியைத் தோண்டித் துடைத்து, பழைய இரும்பு கண்ணில் பட்டதும் காந்தத்தை வைத்தாள். டக்கென்று ஒட்டியது. அந்தச் சத்தமே வேறாக இருந்தது. மூன்று மாதமாக அந்தச் சத்தம் மந்தமாக இருந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மீட்டரின் திரையில் வரிசையாக முட்கள் முளைத்தன. ஒரே உயரம், ஒரே இடைவெளி. பள்ளம் கடுகளவைத் தாண்டி எப்போதோ போய்விட்டது.

ஃபேனுக்கு அந்தப் பக்கம், கூட்டைக் கை நீட்டித் தொடும் தூரத்தில், வெல்டிங் பொறி தெறித்தது.

*

புகைக்குழாயில் காற்றுக் கசிவு. வெளிப்பக்கம் தகடு வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள், மூன்று பேர். நடுவில் முகமூடியோடு குனிந்திருந்தது அத்தான். பேரிங் இறுகித் தண்டு முறிந்தால், ஆறு டன் சக்கரம் கூட்டைக் கிழித்துக்கொண்டு முதலில் வரப்போவது அந்தப் பக்கம்தான்.

அவள் சுற்றிக்கொண்டு ஓடி அவர் தோளைத் தட்டினாள்.

அவர் முகமூடியைத் தூக்கினார். "என்ன, சாப்பாடு வந்துடுச்சா? உங்கக்கா உன் கையில குடுத்து அனுப்பறேன்னா. மறக்கறது நான், சுமக்கறது நீ."

அவள் தோளில் மீட்டரோடு அவருடைய சாப்பாட்டுப் பையும் தொங்கியது. அதை மறந்தே போயிருந்தாள்.

"அத்தான், இறங்குங்க. மூணு பேரும். இப்பவே."

"ஏன்?"

"பேரிங் போச்சு."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"பதினொரு மணி நேரம், ஜோசியரம்மா. என் இடுப்பு இன்னும் மறக்கல. போன மாசம்தான் ஃபேன் பிரமாதம்னு எழுதிக் குடுத்தே. அதை நம்பித்தானே வருஷாந்தர வேலையை ஆறு வாரம் தள்ளி வச்சாங்க?"

கையிலிருந்த பொருக்கு வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெல்டிங் கம்பியைக் கீழே போட்டார்.

"சரி, டீ குடிக்கிற நேரம்தான். பத்து நிமிஷம் தர்றேன். அதுக்குள்ள ஃபேனை நிறுத்தற ஆர்டர் பச்சை சார் வாயால வரணும். உன் வாயால வந்தா என்னை ஓட்டுவானுங்க."

*

மேலாளரின் அறையில் ஏசியிலிருந்து சொட்டும் நீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். அவள் பேசி முடிக்கும்வரை அதில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. ஒரே இடைவெளி.

"போன வருஷம் மாதிரி ஆயிடாதே?" என்றார் அவர்.

"இல்ல சார். அது ஆட்டம். இது டிக். வளையத்துல பள்ளம். சந்தேகமே இல்ல."

"எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு வாரம் தாங்கலாம். சாயங்காலம் வரைக்கும் தாங்காமலும் போகலாம். மூணு மாசமா அது எப்படி வளர்ந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார். நான் பாக்கல."

பொருக்கை மேசைக் கண்ணாடிமேல் வைத்தாள். அவர் அதை விரல் நுனியால் புரட்டினார். விளிம்பில் பச்சை தெரிந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது.

"பெயின்ட் அடிக்கச் சொன்னது நான்தான்" என்றார் மெதுவாக. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இங்க பாருங்கம்மா. இது வெளிய போனா என்னைக் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி உங்களைக் கேப்பாங்க. பூச்சு மேல காந்தம் வைக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதான்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

வாளியில் சொட்டு விழுந்தது.

"ஃபேனை நிறுத்திடறேன். இந்த நிமிஷமே. ஆளுங்க உயிர் விஷயம், அதுல விளையாட மாட்டேன். காரணம்னு ஒரு வரி எழுதுங்க. இன்னைக்குத் திடீர்னு அதிர்வு ஏறிடுச்சு. அவ்வளவுதான். மத்ததை நாம காதும் காதும் வச்ச மாதிரி பாத்துக்கலாம். ஒவ்வொரு இடமா சத்தமில்லாம சுரண்டிடுங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவள் மனத்துக்குள் ஏற்கெனவே தயாராக இருந்த ஒரு வரியை எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். இன்னொரு தடவை கேன்டீனில் உள்ளங்கைகள் நீள்வதை நினைத்துப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிப்புகூட இருக்காது.

எழுதினாள். "இன்று காலை திடீரென." எவ்வளவு சௌகரியமான சொல் அது. மழை வருவதைப் போல, யாரும் செய்யாதது போல. கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

*

ஃபேனுக்குக் கரன்ட்டை நிறுத்திய பிறகும் சக்கரம் முழுதாக நிற்க இருபது நிமிடம் பிடிக்கும். அவள் திரும்பி வந்தபோது இரைச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. மேடையில் யாரும் இல்லை. பழைய ஃபிட்டர்கள் செய்வது போல நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்தாள்.

வேகம் குறையக் குறைய டிக் தனித்தனியாகப் பிரிந்து கேட்டது. முதலில் மணலைத் தேய்ப்பது போல. பிறகு சரளைக்கல். பிறகு யாரோ உள்ளேயிருந்து பூட்டிய கதவைத் தட்டுவது போல. மூன்று மாதமாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

போதும், பிடித்தாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீதி எல்லாம் காகிதம்.

தோளில் சாப்பாட்டுப் பை இடித்தது. வாக்கி-டாக்கியை எடுத்தாள். "கண்ட்ரோல் ரூம், வெல்டிங் ஆளுங்க டீ குடிக்கப் போனாங்களே, எங்க இருக்காங்க?"

கண்ட்ரோல் ரூம்காரருக்கு 'மைக்' என்று பெயர். அது இல்லாமலே அவர் பேசுவது ஆலை முழுக்கக் கேட்கும். "டீ எல்லாம் முடிஞ்சுது மேடம். இங்க வேலை நின்னு போச்சுல்ல, ரெண்டாவது ஃபேன்ல அதே கசிவு வேலை இருக்குன்னு சார் அங்க அனுப்பிட்டாரு. உள்சந்துல புகுந்துட்டாங்க."

இரண்டாவது ஃபேன் சுவரோடு ஒட்டி நிற்கும். உள்சந்து என்பது ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் இடம். ஒரே வழி. அங்கும் பச்சை அடித்திருந்தது. அங்கும் மஞ்சள் வட்டம் இருந்தது. அங்கும் மூன்று மாதமாக அவள் "நன்று" என்று எழுதியிருந்தாள்.

"அவங்களை வெளிய வரச் சொல்லுங்க. உடனே."

"எதுக்கு மேடம்?"

"சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்."

"அது எப்படி? இன்னைக்குள்ள முடிக்கணும், காரணமில்லாம யாரும் நகர்த்தக் கூடாதுன்னு சார் ஆர்டர். அதுவும் ரெண்டாவதுதான் நம்ம ஆலையிலேயே தங்கம்னு உங்க ரிப்போர்ட்தான் இங்க ஒட்டியிருக்கு. நான் என்னன்னு சொல்றது, ஜோசியரம்மா சொல்றாங்கன்னா?"

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

ஓடினால் எட்டு நிமிடம். நடுவில் இரண்டு ஏணிகள். அவள் முதல் ஏணியின் தலையில் நின்றாள். ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் வாக்கி-டாக்கி. ஆலையில் அந்தக் கருவி நாற்பது பேரிடம் இருந்தது. ஒரே அலைவரிசை. பேச்சைத் தொடங்கும் முன் அந்த நாற்பது பேரும் வரிசையாக முகத்துக்கு முன் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சமையலறையில் அக்கா, ஒரு கையில் சாப்பாட்டுப் பையை நீட்டியபடி.

பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க. மூணு மாசமா நான் எழுதின அளவு எல்லாமே தப்பு. பெயின்ட் மேல வச்சு அளந்திருக்கேன். அறுபத்திரண்டு இடமும். பேரிங் எது நல்லா இருக்கு, எது போயிடுச்சுன்னு இப்ப எனக்குத் தெரியாது. முதல் ஃபேன் திடீர்னு போகல. எனக்குத் தெரியாம மூணு மாசமா போயிட்டிருந்துச்சு. என் ரிப்போர்ட்டை நம்பி யாரும் எது பக்கத்துலயும் நிக்காதீங்க. அத்தான், வெளிய வாங்க. தயவுசெஞ்சு வாங்க."

அலுவலக அலைவரிசையில் அவரை அத்தான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. கரகரப்பு மட்டும் ஓடியது. அவள் ஏணியில் இறங்கிக்கொண்டே நொடிகளை எண்ணினாள். பதினான்கு, பதினைந்து.

"வந்துட்டோம்" என்றது அவர் குரல். "மூணு பேரும் வெளிய. மூச்சு வாங்காம வா, கீழே விழுந்து தொலைக்காத."

*

அவள் போய்ச் சேர்ந்தபோது மூவரும் சந்துக்கு வெளியே தள்ளி நின்றிருந்தார்கள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. மேலாளரும் வந்துகொண்டிருந்தார், அவசரத்தில் ஹெல்மெட்டைத் திருப்பி மாட்டியிருந்தார்.

ஆளில்லாத வெளிப்பக்கத்திலிருந்து எட்டி, மஞ்சள் வட்டத்தைச் சுரண்டினாள். பட்டி இங்கே இன்னும் தடிமன். காந்தம் டக்கென்று ஒட்டியது. திரையைப் பார்த்தாள். இன்னொரு தடவை வைத்தாள். பிறகு மறுபக்கப் பேரிங்கிலும் சுரண்டி வைத்தாள்.

தட்டையான கோடு. முள் ஒன்றுகூட இல்லை.

"என்ன?" என்றார் மேலாளர்.

"நல்லா இருக்கு சார். ஒண்ணுமே இல்ல."

ஒரு வெல்டர் நீளமாக மூச்சு விட்டான். இன்னொருவன், "அப்ப அந்தக் கத்து கத்தினது?" என்று ஆரம்பித்தான். அத்தான் அவனைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

பேசாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த எண்ணம் வந்து நின்றது. முதல் ஃபேன் பிடிபட்டது, இரண்டாவது பிழைத்தது, 'திடீரென' பத்திரமாக ஃபைலில் இருந்திருக்கும். ஒரு கணம் அவளுக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது, ஏமாந்தவளைப் போல. பிறகு அந்த ஆத்திரம் யாருடையது என்று யோசித்தாள். மூன்று மாதமும் கோடு இறங்கியபோது ஏன் என்று கேட்காமல் இருந்தாளே, அவளுடையது. அவளை இவளுக்கு நன்றாகத் தெரியும். போகட்டும் என்று விட்டால் அடுத்த தடவையும் கேட்க மாட்டாள்.

"சார், காலையில எழுதிக் குடுத்த பேப்பரைத் திருப்பிக் குடுங்க. மாத்தி எழுதணும்."

மேலாளர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நாலாக மடித்திருந்தார். கொடுக்கலாமா என்று யோசிப்பது போலச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். "நாற்பது பேர் கேட்டாச்சு. இனிமே இதை வச்சு நான் என்ன பண்றது" என்று நீட்டினார். அரை எட்டு நகர்ந்தவர் நின்றார். "பெயின்ட் நான் அடிக்கச் சொன்னேன்னும் எழுதுங்க."

"எழுதறேன் சார். ஆனா காந்தத்தை வச்சது நான்."

அவர் ஹெல்மெட்டைச் சரியாக மாட்டிக்கொண்டு போனார். என்ன நடவடிக்கை வரும், வேலை இருக்குமா என்பதெல்லாம் தெரியாது. அவள் ஃபேன் மேடையின் கைப்பிடிச் சுவரில் காகிதத்தை வைத்து, 'திடீரென' என்பதைக் குறுக்கே அடித்து, கீழே எழுத ஆரம்பித்தாள். மேடை அதிர்ந்ததில் எழுத்துக் கோணிக்கோணி விழுந்தது.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது அத்தான் அவள் தோளிலிருந்து சாப்பாட்டுப் பையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆலை முழுக்கக் கேக்க அத்தான்னு கூப்பிட்டே. இனிமே என்னை வேற பேர்லயா கூப்பிடுவானுங்க? மைக் ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டான்." பைக்குள் எட்டிப் பார்த்து மூடினார். "முதல் ஃபேன்ல நான்தானே காலையிலிருந்து நின்னேன்?"

"ஆமா."

"எவ்வளவு பெரிய பள்ளம்?"

"நாளைக்குப் பிரிச்சாத் தெரியும். கேட்ட வரைக்கும், விரல் நீளம் இருக்கும்."

அவர் சுட்டுவிரலை நீட்டி அதன் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெல்டர்களிடம் திரும்பினார்.

"டேய், சுரண்டி எத்தனை இருக்கு நம்மகிட்ட?"

"மூணு இருக்கும் அண்ணே."

"கொண்டா." அவளைப் பார்த்தார். "அறுபத்திரண்டுல எத்தனை முடிச்சே?"

"மூணு."

"வீட்ல உங்கக்காகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நான்தான் பெயின்ட் அடிச்சேன்னும்பா." சாப்பாட்டுப் பையை ஒரு வால்வின் கைப்பிடியில் மாட்டினார். "சாப்பாடு அப்புறம். அடுத்தது எது, காட்டு."

அவள் காட்டினாள். தண்ணீர்ப் பம்பின்மேல் ஒரு மஞ்சள் வட்டம் பளிச்சென்று இருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. சுரண்டியை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.